பெறுமதிப் பட்டியலும் சமூக வரலாறும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இலக்கியங்களும் அரசாங்க ஆவணங்களுமே நம்மவர் நினைவுக்கு வருவது வழக்கம். வணிக நிறுவனங்களின் கோவைகளுள் உறங்கும் ஆவணங்களை நமது ஆய்வாளர் பெரும்பாலும் நாடிச் செல்வதில்லை. ஆலை, பண்டகசாலை, இயந்திரம், இருப்புச் சரக்கு ஆகியவற்றைக் காப்புறுதி செய்வதற்கு முன்னர் அவற்றின் உடைமையாளர் தயாரித்துக் கொடுக்கும் பெறுமதிப் பட்டியல் அத்தகைய ஆவணங்களுள் ஒன்று. காப்புறுதியாளர் ஓர் இடரை ஏற்பதா மறுப்பதா, ஏற்பின் எவ்வளவு கட்டுப்பணம் அறவிடுவது என்பனவற்றைத் தீர்மானிப்பதற்கு அடிப்படையாக அமைவது இதுவே. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வெறும் கணக்கு வேலையாகத் தோன்றலாம். ஆயின், ஒரு சமுதாயம் எதனை உடைமையாக எண்ணுகிறது, எதற்கு விலை குறிக்கிறது, யாருடைய இழப்பை இழப்பாக ஒப்புக்கொள்கிறது என்னும் வினாக்களுக்கு இதனைப் போல் ஒளிவுமறைவின்றி விடை தரும் ஆவணங்கள் மிகச் சிலவே. இக்கருத்தைத் திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1. ஏடும் உடைமையும்

உடைமைகளை எண்ணி, நிறுத்து, விலை குறித்துப் பதிந்துவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகள் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். பொன்னால் ஆன பொருள்கள் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. அணியொன்றில் எத்தனை மணிகள், சரடும் அரக்கும் சேர்த்து நிறுக்கப்பட்டதா அவை நீக்கி நிறுக்கப்பட்டதா, அதன் விலை எத்தனை காசு என்பன வரை அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. நவீன மதிப்பீட்டாளர் எவரும் அக்கணக்கர்களின் நுணுக்கத்தில் குறைகாண இயலாது.

திருகோணமலையைப் பொறுத்தவரை, கவிராசவரோதயன் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு இவ்வகையில் நோக்கத்தக்கது. கோயிலுக்குரிய நிலங்கள், வருவாய்கள், தொழும்பாளரின் கடமைகள், உரிமைகள் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் நூல் அது. தெய்வத்தின் பெயரால் அமைந்த நிலவுடைமை உறவுகளின் பதிவேடாக அதனைக் கொள்வது பொருத்தமாகும். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். கோயில் அழிந்தபின்னரும் அதன் உடைமை பற்றிய நினைவு ஏட்டில் நிலைத்தமை கவனிக்கத்தக்கது. உடைமை அழிந்தும் பட்டியல் எஞ்சுவது பிற்காலத்திலும் நாம் மீண்டும் மீண்டும் காணவிருக்கும் நிலையாகும்.

எனினும், இப்பழைய பட்டியல்களுக்கும் இன்றைய பெறுமதிப் பட்டியலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. தஞ்சைக் கல்வெட்டு, ‘இது இங்கே இருக்கிறது, என்றும் இருக்கவேண்டும்’ என்று கூறுவது. காப்புறுதிப் பட்டியலோ, ‘இது நாளை இல்லாமற்போகலாம், போனால் இவ்வளவு பணம்’ என்று கூறுவது. முன்னது நிலைபேற்றின் மொழி. பின்னது இழப்பின் மொழி. பொருளின் பயன்மதிப்பைப் போற்றிய சமுதாயத்திலிருந்து பரிவர்த்தனை மதிப்பே முதன்மைபெறும் சமுதாயம் தோன்றியபோதுதான் இம்மாற்றம் நிகழ்ந்தது. எப்பொருளும் பணமாக மாற்றப்படத்தக்கது என்ற நிலை ஏற்பட்ட பின்னரே, எப்பொருளின் அழிவையும் பணத்தால் ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் பொதுவழக்காக முடியும்.

2. கடலிலிருந்து கரைக்கு

காப்புறுதி கடல் வணிகத்தோடு வளர்ந்த ஒன்று. இத்தாலிய நகரங்களில் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் லொயிட் என்பாரின் கோப்பிக் கடையில் கூடிய வணிகரிடையே உருப்பெற்ற இத்தொழில், குடியேற்ற வாணிகத்துடன் பின்னிப் பிணைந்திருந்தது. வணிக மூலதனம் மனிதரையும் சரக்காகப் பட்டியலிட்டது என்பதற்குச் சோங் என்னும் கப்பலின் வழக்கே சான்றாகும். 1781 இல் அக்கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட ஆபிரிக்க அடிமைகளுள் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். தலைக்கு 30 பவுண் எனக் காப்புறுதி செய்யப்பட்டிருந்த அவர்களது ‘இழப்பு’க்கு ஈடு கோரிக் கப்பலின் உடைமையாளர் வழக்காடினர். 1783 இல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது கொலைக் குற்றமன்று; காப்புறுதிக் கோரிக்கையே. பெறுமதிப் பட்டியலின் வரலாற்றில் இதனை விதிவிலக்கான கொடுமை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. பட்டியலின் தருக்கம் தடையின்றிச் செல்லும்போது எங்கு சென்றடையும் என்பதையே அது காட்டிற்று.

காப்புறுதிச் சட்டத்தின் அடிக்கல்லாகக் கருதப்படும் அதியுயர் நம்பிக்கைக் கோட்பாடும் குடியேற்றக் கோட்டையொன்றின் சுவர்களுக்குள்ளிருந்தே பிறந்தது. சுமாத்திராத் தீவின் பெங்கூலனில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு உரியதாயிருந்த மார்ல்பரோ கோட்டை அந்நியரால் கைப்பற்றப்படக்கூடும் என்று அஞ்சி, அதன் ஆளுநர் காட்டர் காப்புறுதி செய்துகொண்டார். 1760 இல் பிரெஞ்சுப் படைகள் கோட்டையைக் கைப்பற்றின. கோட்டையின் பலவீனத்தைத் தமக்கு அறிவிக்கவில்லை எனக் காப்புறுதியாளர் வாதிட்டனர். 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு காட்டருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். ஆயினும் இரு தரப்பினரும் தாம் அறிந்த முக்கிய விடயங்களை மறைத்தலாகாது என்ற நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. இத்தகைய அச்சம் திருகோணமலைக்கும் அந்நியமானதன்று. 1782 ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சவ்ரன் அதனைப் பறித்தெடுத்தார். ஓராண்டுக்குள் இருமுறை கைமாறிய துறைமுகத்தில் எவ்வணிகன்தான் தன் பண்டத்துக்கு விலை குறித்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பான்?

தரையில் நிற்கும் உடைமைகளுக்கான தீக்காப்புறுதி, 1666 ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயின் பின்னர் எழுந்தது. கைத்தொழிற் புரட்சியுடன் அது புதிய வடிவம் பெற்றது. சீனி சுத்திகரிப்போர் தம்மிடம் அறவிடப்பட்ட கட்டுப்பணம் மிகையெனக் கருதி 1782 இல் தமக்கெனத் தொடங்கிய நிறுவனமே பின்னர் பீனிக்ஸ் எனப் புகழ்பெற்றது. 1861 இல் இலண்டன் தூலித் தெருவின் ஆற்றங்கரைப் பண்டகசாலைகள் எரிந்தழிந்தன. அவ்வாண்டிலேயே சுவிற்சர்லாந்தின் கிளாரஸ் நகரும் தீக்கிரையாயிற்று. அதன் விளைவாக 1863 இல் சுவிஸ் மீள்காப்புறுதி நிறுவனம் தோன்றியது. ஒரே இடத்தில் எவ்வளவு பெறுமதி குவிந்துள்ளது என்பதை அறியாது இடரை ஏற்பது நிறுவனத்தையே வீழ்த்திவிடும் என்பதை முதலாளிகள் நெருப்பிடமிருந்து கற்றனர். சாள்ஸ் கோட் என்பவர் 1875 இல் கனடாவிலும், 1880களில் பிரித்தானிய நகரங்களிலும் தயாரிக்கத் தொடங்கிய தீக்காப்புறுதி வரைபடங்கள் செங்கற் கட்டடம், மரக் கட்டடம் முதலியவற்றை வெவ்வேறு நிறங்களால் வேறுபடுத்திக் காட்டின. அரசர்க்காக வரையப்பட்ட வரைபடங்கள் எல்லைகளைக் காட்டின. மூலதனத்துக்காக வரையப்பட்டவை எரியத்தக்கதையும் எரியாததையும் காட்டின.

3. பட்டியலின் உள்ளமைப்பு

இன்று வணிகக் காப்புறுதியில் வழங்கும் பெறுமதிப் பட்டியலைச் சிறிது விளக்குதல் அவசியமாகிறது. ஒவ்வோர் இடத்தின் முகவரி, கட்டடம், பொறித்தொகுதி, தளபாடம், இருப்புச் சரக்கு என்பவற்றின் பெறுமதிகள் தனித்தனியே பதியப்படும். தொழில் தடைப்படுவதால் இழக்கப்படும் வருமானமும் தனி நிரலாக இடம்பெறலாம். அதனுடன் நான்கு செய்திகள் கேட்கப்படும்: கட்டடம் எதனாற் கட்டப்பட்டது, உள்ளே என்ன தொழில் நடைபெறுகிறது, தீயணைப்பு முதலிய பாதுகாப்பு ஏற்பாடுகள் எவை, அயலில் என்ன இருக்கிறது. இவற்றைக் கொண்டே ஒப்புறுதியாளர் இடரை நிறுத்துப் பார்க்கிறார். ஒரே நிகழ்வில் ஏற்படக்கூடிய மிகப்பெரிய இழப்பைக் கணிக்கிறார். தமது தாங்குசக்திக்கு மேற்பட்ட பங்கை மீள்காப்புறுதியாளரிடம் ஒப்படைக்கிறார்.

இங்கு ‘பெறுமதி’ என்பது யாது என்ற வினா எழுகிறது. ஒரே இயந்திரத்துக்குக் குறைந்தது மூன்று பெறுமதிகள் உண்டு. வாங்கிய விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கேட்டில் காட்டப்படுவது ஒன்று. சந்தையில் விற்றால் கிடைப்பது மற்றொன்று. அழிந்தால் அதே தரத்தில் புதிதாக நிறுவுவதற்கு வேண்டியது மூன்றாவது. இதனையே மீள்நிறுவற் பெறுமதி என்பர். கணக்கேட்டில் பூச்சியமாகிவிட்ட பழைய இயந்திரத்தை மீள நிறுவக் கோடிக்கணக்கில் தேவைப்படலாம். கடற் காப்புறுதியிலோ, இரு தரப்பினரும் முன்னரே உடன்பட்ட பெறுமதியே வஞ்சனை இல்லாதவிடத்து முடிவானது என 1906 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடற்காப்புறுதிச் சட்டம் விதித்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலின் பெறுமதி உடன்பாட்டால் முடிந்துவிட, அக்கப்பலிலிருந்து இறக்கிக் கரையிற் குவித்த சரக்கின் பெறுமதி இழப்பின் பின்னர் நிரூபிக்கப்பட வேண்டியதாகிறது.

ஒரு பண்டத்தின் மதிப்பை நிர்ணயிப்பது முன்னர் அதில் செலவான உழைப்பன்று. இன்று அதனை மறுபடி உற்பத்திசெய்யச் சமுதாயரீதியில் வேண்டப்படும் உழைப்பே என்பது மார்க்சின் நிலைப்பாடு. மார்க்சை ஒருபோதும் படித்திராத காப்புறுதி மதிப்பீட்டாளர், மீள்நிறுவற் பெறுமதியைக் கணிக்கும்போது அம்முடிவுக்கே வந்துசேர்கிறார் என்பது சுவையான உண்மை. ஆனால் அவர் அவ்வுழைப்பைப் பணமாக மட்டுமே காண்கிறார், உழைப்பாளியைக் காண்பதில்லை.

குறைத்துக் காட்டப்படும் பெறுமதியின் விளைவையும் நோக்குவோம். மீள நிறுவ 1 கோடி ரூபாய் வேண்டிய பண்டகசாலையை, கட்டுப்பணத்தை மிச்சப்படுத்தக் கருதி உடைமையாளர் 50 இலட்சம் எனப் பதிகிறார் எனக் கொள்வோம். தீயில் 20 இலட்சம் ரூபாய் சேதம் ஏற்படின் அவருக்குக் கிடைப்பது 10 இலட்சமே. காப்புறுதி செய்யப்படாத பாதிக்கு அவரே காப்புறுதியாளர் எனச் சராசரி வாசகம் கூறும். பெறுமதியைக் கூட்டிக் காட்டினாலோ, மெய்யான இழப்புக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. அதிக கட்டுப்பணம் செலுத்தியதே மிச்சம். ஆகவே உண்மையான பெறுமதியைப் பதிதல் ஒழுக்க அறிவுரையன்று. நட்டஈட்டுக் கோட்பாட்டின் பொருளியல் நிர்ப்பந்தம். இலங்கையில் இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2022 இன் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் விலை அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியபோது, இறக்குமதி இயந்திரங்களுக்கு முந்திய ஆண்டில் ரூபாயிற் குறித்த பெறுமதிகள் ஒருவரும் கைவைக்காமலே குறைபெறுமதிகளாகிவிட்டன.

4. எண்ணெய்த் தாங்கிகளின் கதை

திருகோணமலையின் உடைமைகளுள் உலகறிந்தவை சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக அமைக்கப்பட்ட இத்தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கவை. தன் உடைமைகளை வணிகக் காப்புறுதியாளரிடம் ஒப்படைக்காது இழப்பைத் தானே தாங்குவது பிரித்தானிய அரசின் நீண்டகால வழக்கம். பேரரசின் வருவாயே அதன் காப்புறுதி நிதி. அவ்வருவாயில் குடியேற்ற நாட்டு உழைப்பாளரின் பங்கும் அடங்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1937 இல் பிரித்தானியக் காப்புறுதியாளர் தரையிலுள்ள உடைமைகளுக்குப் போர் இடரை ஏற்பதில்லை எனத் தமக்குள் உடன்பட்டனர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வானிலிருந்து வீசப்பட்ட குண்டுகள், ஒரு நகரின் பெறுமதி முழுவதும் ஒரே நாளில் அழியலாம் என்பதைக் காட்டிவிட்டன. எவ்விடத்தில் இடர் மெய்யாகவே பெரிதாகிறதோ அவ்விடத்திலிருந்து தனியார் மூலதனம் விலகுவதும், அரசு அவ்விடத்தை நிரப்புவதும் அன்றே தெளிவாயின. பிரித்தானியாவில் 1941 ஆம் ஆண்டின் போர்ச்சேதச் சட்டமும், இந்தியாவில் சரக்குகளுக்கு 1940 இலும் தொழிற்சாலைகளுக்கு 1942 இலும் பிறப்பிக்கப்பட்ட போரிடர்க் காப்புறுதிக் கட்டளைச் சட்டங்களும் இவ்வாறு எழுந்தவையே.

1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாங்கியொன்று அழிந்தது. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றியது. அக்கப்பலின் பின்வரலாறு பெறுமதி பற்றிய பாடமாகவே அமைகிறது. 1943 இல் அது மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாகப் பயன்படலாயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் 2018 இல் இலங்கைக் கடற்படையினர் அதனைக் கடலடியிலிருந்து மீட்டெடுத்தனர். சரக்கேற்றும் கலமாகவும், துறைமேடையாகவும் ஒரே பொருள் இரு வாழ்வு வாழ்ந்துள்ளது. பெறுமதி பொருளினுள் உறைந்திருப்பதன்று. பொருள் நிற்கும் சமூக உறவுகளே அதனைப் படைக்கின்றன.

இரண்டாண்டுகளின் பின், 1944 ஏப்பிரல் 14 இல், பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிநின்ற போட் ஸ்ரிக்கீன் என்னும் கப்பல் வெடித்துப் பலநூற்றுவர் மாண்டனர். வெடிப்பினால் எழுந்த தீ, வழக்கமான தீக்காப்புறுதிப் பத்திரங்களின் விலக்குகளுள் அடங்கியது. எனவே அரசே தனிக் கட்டளைச் சட்டத்தின்மூலம் ஈடு வழங்க நேர்ந்தது. துறைமுகத்தில் ‘அயலில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி எத்துணை முக்கியமானது என்பதற்கு இதனினும் கொடிய விளக்கம் வேண்டியதில்லை.

1957 இல் திருகோணமலைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 2003 இல் 99 தாங்கிகளும் ஆண்டொன்றுக்கு 100,000 அமெரிக்க டொலர் வாடகைக்கு 35 ஆண்டுகளுக்கு லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு என ஒப்பந்தமாயிற்று. 2022 சனவரியில் புதிய ஏற்பாட்டின்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் கூட்டாக அமைத்த கம்பனிக்கும் எனப் பிரிக்கப்பட்டன. 2003 ஆம் ஆண்டின் வாடகையைத் தாங்கிகளின் தொகையால் வகுத்தால் ஒன்றுக்கு ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் டொலர் வரும். துருவேறிய தாங்கியின் கணக்கேட்டுப் பெறுமதி பூச்சியத்தை அடுத்ததாகலாம்; அதே கொள்ளளவில் புதிதாக நிறுவுவதற்கான செலவு மிகப்பெரிது; இந்துமாக்கடலின் வல்லரசுப் போட்டியில் அதற்குரிய மதிப்போ எந்த நிரலிலும் எழுதத்தக்கதன்று. 1987 ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்தாங்கிகள் இடம்பெற்றமை இதனாலேயே. தேசத்தின் உடைமையை எந்தப் பெறுமதியாற் குறிப்பது என்பது அரசியல் வினாவேயன்றிக் கணக்கியல் வினாவன்று.

5. பட்டியலில் இல்லாதோர்

1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 இல் ஆயுட் காப்புறுதியும் 1964 இல் பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. கட்டுப்பணம் வெளிநாட்டுக் கம்பனிகளின் வழியே வெளியேறுவதைத் தடுக்கும் முற்போக்கான நடவடிக்கை அது. எனினும், பெரிய இடர்களின் மீள்காப்புறுதி உலகச் சந்தையையே நம்பியிருந்தது. 1980களின் இறுதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. கூட்டுத்தாபனமும் 2003 இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனை செல்லாது எனத் தீர்த்தது.

இதனிடையே நிகழ்ந்தது 1983 யூலை. கொழும்பில் மட்டுமன்றித் திருகோணமலையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கலகத்தின் பின்னர் வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர் இத்தகைய இடர்களை ஏற்கத் தயங்கினர்; 1987 இல் வேலைநிறுத்தம், கலகம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியத்தை அரசாங்கம் அமைத்தது. பின்னர் அது 2006 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பாயிற்று. 1937 இன் பாடமே மீண்டும் அரங்கேறியது எனலாம். ஆனால் அந்நிதியத்தின் பயன் எவருக்கு? பத்திரம் உடையவருக்கு. பெறுமதிப் பட்டியலும் சிட்டைகளும் கடையோடு எரிந்துபோனவருக்கு, இருந்ததை நிரூபிப்பதே இழப்பினும் பெரிய சுமையாயிற்று. கோணேசர் கோயிலுக்கு ஏடு எஞ்சியது; எரிந்த கடைக்கு ஏடும் எஞ்சவில்லை.

கட்டடத்தின் தரத்தைக் கொண்டு கட்டுப்பணம் கணிக்கும் முறையில் கல்லும் ஓடும் முதல் வகுப்பு. கிடுகு வேய்ந்தது கடைசி வகுப்பு, அல்லது ஏற்கப்படாத வகுப்பு. பிரிமா மாவாலையும் சீமெந்து ஆலையும் குடாவின் கரையில் எழுந்த 1980களில், அவற்றின் பொறிகள் யாவும் பெறுமதியிடத்தக்க உடைமைகள். அதே குடாவில் வலைவீசும் கிண்ணியா, மூதூர் மீனவரின் தோணியும் வலையும், கப்பல்துறை போன்ற ஊர்களில் மீளமீளக் கட்டப்பட்ட குடிசைகளும் எப்பட்டியலிலும் ஏறாதவை. 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இவ்விருவகை உடைமைகளுக்கும் வேறுபாடு காட்டவில்லை. அதன் பின்னரான ஈட்டுமுறைதான் வேறுபாடு காட்டியது. தொழிலாளியோ வேறொரு வாயிலால் பட்டியலுக்குள் வருகிறான்: 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், இழந்த உறுப்புக்கு இத்தனை வீதம் என்ற அட்டவணையாக. அச்சட்டம் தொழிலாளர்க்குப் பயனளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் மொழி பொறித்தொகுதியின் மொழியே.

இடர் அதிகரிக்கும்போது செலவை ஏற்பவரும் இவர்களே. 2001 யூலை 24 இல் கட்டுநாயக்கா விமானநிலையம் தாக்கப்பட்டபின், இலண்டன் காப்புறுதியாளர் இலங்கையைப் போரிடர்ப் பகுதியாகக் கொண்டு கப்பல்களுக்கான கட்டுப்பணத்தை உயர்த்தினர். கப்பற் கம்பனிகள் அதனைச் சரக்குக் கட்டணத்தில் ஏற்றின. உடைமை எதுவும் இல்லாத நுகர்வோனின் கைப்பணத்திலிருந்தே உடைமையாளரின் பாதுகாப்புக்கு ஒரு பங்கு சென்றது.

6. முடிவுரை

1875 இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ், சமதர்ம சமுதாயத்திலும் விபத்துகளுக்கும் இயற்கை அழிவுகளுக்குமான ஒதுக்கு நிதியைச் சமூக உற்பத்தியிலிருந்து முதலில் கழித்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். இழப்பைப் பகிர்தல் முதலாளித்துவத்தின் தனிச்சொத்தன்று. அது மனித கூட்டுவாழ்வின் தேவை. முதலாளித்துவம் அத்தேவையைப் பத்திரமும் கட்டுப்பணமும் உடையோரின் உரிமையாகச் சுருக்கியது என்பதே எமது விமர்சனம்.

ஆகவே பெறுமதிப் பட்டியலை வெறுத்தொதுக்குதல் சரியான நிலைப்பாடாகாது. அதன் ஒழுங்கும் நுணுக்கமும் உழைக்கும் மக்களுக்கும் பயன்பட வேண்டியவை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அமைப்புகளும் தோணி, வலை, வீடு, கிணறு, தென்னை, கால்நடை ஆகியவற்றை மீளப்பெறுவதற்கான செலவோடு ஆண்டுதோறும் பதிந்து, பிரதிகளை ஊருக்கு வெளியிலும் பேணுவது அரிய செயலன்று. அப்பதிவைச் சான்றாக ஏற்று ஈடுவழங்கும் பொது நிதியத்தை அரசிடம் கோருவதும் நியாயமே. வரலாற்று மாணவர்க்கும் இதிற் பணியுண்டு. அழிந்த கடைத்தெருக்களையும் குடியிருப்புகளையும் பற்றிய நினைவுகள் முதியோரிடம் இன்னும் உள்ளன. எந்தத் தெருவில் எந்தக் கடை, யாருடையது, என்ன சரக்கு என்பன அவர்தம் சொல்லிலிருந்தே தொகுக்கப்பட வேண்டும். தஞ்சைக் கணக்கர் இறைவனின் ஒவ்வொரு மணியையும் எண்ணிவைத்தனர். நம் காலத்து மக்களின் உடைமைகளை எண்ணிவைக்கும் கடமை நமக்குரியது.